மாட்டாஸ்பத்திரி வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு

"அண்ணே, வெட்னரி நர்சிங் படிக்கணும், எங்க சேரலாம்?" என்று மாதத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகள், வீட்டில் நாலு மாடு கட்டியிருப்பவர்கள், நாய் பூனை என்றால் உயிரையே விடுகிறவர்கள், டிகிரி முடித்துவிட்டு வேலை கிடைக்காதவர்கள் என்று எல்லாரும்தான். மன்னார்குடிப் பக்கம் டாக்டர்களோடு உதவியாளாக ஊர் ஊராகப் போய் எனக்குப் பதினாலு வருஷம் ஆகிறது. போனில் ஒவ்வொருவருக்கும் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது, அதனால் தெரிந்ததை மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

முதல் விஷயம். நம் நாட்டில் கால்நடைச் செவிலியர் என்று தனியாகப் பதிவு செய்துகொள்ளும் தொழில் கிடையாது. இங்கிலாந்தில் இருக்கிறது, படித்துத் தேறி ராயல் காலேஜ் ஆஃப் வெட்னரி சர்ஜன்ஸ் வைத்திருக்கும் பதிவேட்டில் பெயர் ஏறினால் பதிவு பெற்ற செவிலியர். வெளிநாடு போகும் எண்ணம் உள்ளவர்கள் அந்த நாட்டுப் பதிவு விதியைப் படித்துவிட்டு அதற்கேற்ற படிப்பில்தான் சேர வேண்டும், இங்கே வாங்கும் எந்தச் சான்றிதழும் அங்கே அப்படியே செல்லும் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள். நம் ஊரில் அதே வேலை பல பெயரில் சிதறிக் கிடக்கிறது: கால்நடை பராமரிப்பு உதவியாளர், கால்நடை ஆய்வாளர், செயற்கைமுறை கருவூட்டல் பணியாளர், 1962 என்ற எண்ணுக்குப் போன் பண்ணினால் வரும் கால்நடை ஆம்புலன்ஸ் வண்டியில் டாக்டரோடு வரும் உதவியாளர், தனியார் கிளினிக்கில் அசிஸ்டென்ட். ஊர் ஜனங்களுக்கு எல்லாருமே கம்பவுண்டர்தான்.

இந்தக் குழப்பத்தில்தான் பணம் பிடுங்குகிறவர்கள் நுழைகிறார்கள். நானே ஏமாந்தவன். பக்கத்து டவுனில் ஒரு தனியார் நிறுவனம் டிப்ளமோ தருகிறோம் என்று ஒரு வருஷக் கட்டணத்தை மொத்தமாக வாங்கியது. அம்மா கழுத்துச் செயின் அடகுக்குப் போனது அதற்குத்தான். ஒரு வருஷத்தில் நாங்கள் பார்த்தது ப்ளாஸ்டிக்கில் செய்த மாட்டுப் பொம்மையையும் ஒரு சுவர்ப் படத்தையும். உயிரோடு ஒரு கோழியைக்கூட யாரும் கையில் கொடுக்கவில்லை. அந்தச் சான்றிதழை எங்கே காட்டினாலும் "இது என்ன?" என்றுதான் கேட்டார்கள். அதனால் எங்கே சேருவதாக இருந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். சான்றிதழில் கையெழுத்துப் போடுவது யார், பல்கலைக்கழகமா, கால்நடை பராமரிப்புத் துறையா, இல்லை அவர்களே அச்சடிப்பதா? மொத்தப் பயிற்சியில் எத்தனை நாள் ஆஸ்பத்திரியிலோ பண்ணையிலோ நிற்க வேண்டும்? போன வருஷம் முடித்தவர்கள் இரண்டு பேரின் போன் நம்பர் கிடைக்குமா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, வைத்தியம் பார்ப்பது பதிவு பெற்ற கால்நடை மருத்துவரின் வேலை. உரிய சான்றிதழ் உள்ள, மாநில அரசு அனுமதித்த உதவியாளர்கள், மருத்துவரின் மேற்பார்வையில், முதலுதவி மாதிரியான சின்ன வேலைகளைச் செய்யலாம்: தடுப்பூசி, காயடிப்பு, புண்ணுக்கு மருந்து கட்டுவது போன்றவை. இந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று முதல் நாளே மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டு வருஷம் டாக்டர் கூடப் போனதும் ஊரில் நம்மையே "டாக்டரே" என்று கூப்பிட ஆரம்பிப்பார்கள், ராத்திரி பத்து மணிக்கு வந்து ஒரு ஆன்டிபயாடிக் போட்டுவிட்டுப் போ என்று கெஞ்சுவார்கள், காசும் கொடுப்பார்கள். அங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். தேவையில்லாத ஊசியால் பாலில் மருந்து கலந்து அந்த வீட்டுக் குழந்தையே குடிக்கிறது, அரைகுறை டோஸ் போட்ட மடிநோய் கல்லாகி ஒரு காம்பு நிரந்தரமாகப் போய்விடுகிறது. அந்த அம்மாவுக்கு அந்தக் காம்பில் வரும் பால்தான் பிள்ளையின் பஸ் காசு.

இனி வழிகள். டாக்டராகவே ஆக ஆசையும் மார்க்கும் இருந்தால் அதையே முதலில் பாருங்கள். டெல்டாவிலேயே ஒரத்தநாட்டில் 2012-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ். இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து ஐந்தரை வருஷப் படிப்பு. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு ப்ளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் உண்டு. இது தெரியாமலேயே உதவியாளர் வேலை தேடி என்னிடம் வந்த ஒரு பெண் பிள்ளையைத் திருப்பி அனுப்பி விண்ணப்பம் போட வைத்தேன்.

டாக்டர் படிப்பு வேண்டாம், அல்லது முடியாது என்றால் அரசுப் பக்கம் இரண்டு பணி. கால்நடை பராமரிப்பு உதவியாளருக்குப் பத்தாம் வகுப்பு அளவிலான படிப்பு. மாட்டைப் பிடிக்கத் தெரிகிறதா, சைக்கிள் ஓட்டத் தெரிகிறதா என்றெல்லாம் நேர்காணலில் பார்ப்பார்கள். கால்நடை ஆய்வாளர் அதற்கு மேல். ப்ளஸ் டூ முடித்தவர்களைத் துறையே எடுத்துப் பயிற்சி கொடுத்துப் பணியில் அமர்த்தும், கிராமத்துக் கிளை நிலையங்களை நடத்துவது பெரும்பாலும் அவர்கள்தான். இரண்டுக்கும் அறிவிப்பு எப்போது வரும் என்று காத்துக்கொண்டே இருந்தால் வயசு போய்விடும். மாவட்ட மண்டல இணை இயக்குநர் அலுவலக அறிவிப்புப் பலகையை அவ்வப்போது போய்ப் பாருங்கள், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள், ஆனால் அதற்காக வீட்டில் உட்காராதீர்கள்.

கருவூட்டல் பணி இன்னொரு வழி. மத்திய அரசின் ராஷ்ட்ரிய கோகுல் திட்டத்தில் 'மைத்ரி' என்ற பெயரில் கிராமத்து இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், சுமார் மூன்று மாதம். சொந்த ஊரிலேயே நாலைந்து கிராமத்தைச் சுற்றி வேலை பார்க்கலாம். கேட்க எளிதாக இருக்கும், ஆனால் கை நுணுக்கம் வேண்டும். உறைவிந்துக் குச்சி திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் கிடக்கும். எடுத்து 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிஷம் வைத்து, துடைத்து, உடனே பயன்படுத்த வேண்டும். கையால் தேய்த்துச் சூடாக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அப்புறம் மாடு சினை பிடிக்கவில்லை என்றால் மாட்டைக் குறை சொல்வார்கள். பருவத்துக்கு வந்து காலையில் கத்திய மாட்டுக்கு அன்று சாயங்காலம் கருவூட்டல், சாயங்காலம் கத்தியதற்கு மறுநாள் காலை என்ற கணக்கைப் பால்காரம்மாவுக்கும் சொல்லிக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

குறுகிய பயிற்சிகளுக்குத் தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது, நீடாமங்கலத்திலும் நாகப்பட்டினம் பக்கம் சிக்கல் என்ற ஊரிலும் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஆடு, மாடு, கோழி வளர்ப்புப் பயிற்சிகள்தான் அங்கே அதிகம், வேலைக்கான சான்றிதழ் என்று நினைக்க வேண்டாம். ஆனால் பேராசிரியர்கள் அறிமுகமாவார்கள், சந்தேகம் கேட்க ஆள் கிடைக்கும். பெண்களுக்கு மகளிர் குழு வழியாகப் பசு சகி, ஏ-ஹெல்ப் என்று ஊர்க் கால்நடைப் பணிக்குப் பயிற்சி தரும் திட்டங்கள் இருக்கின்றன. பெண்கள் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன். டெல்டாவில் மாட்டைக் கட்டி அவிழ்ப்பது, பால் கறப்பது, சாணி அள்ளுவது எல்லாம் பெண்கள்தான், மாடு என்ன சாப்பிட்டது என்று அவர்களுக்குத்தான் தெரியும், அதை இன்னொரு பெண்ணிடம்தான் முழுசாகச் சொல்கிறார்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். ஊசி போடக் கற்றுக்கொள்ளத்தான் எல்லாரும் ஆசைப்படுகிறார்கள். அதைக் கடைசியில் வையுங்கள். முதல் ஆறு மாதம் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

பிடிப்பது என்றால் பலம் காட்டுவது கிடையாது. மாட்டிடம் போகும்போது தூரத்திலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு, அது நம்மைப் பார்க்கிற பக்கமாகப் போய், முதலில் தோளில் கை வையுங்கள். மாடு பின்னால் மட்டும் உதைக்கும் என்று நினைக்காதீர்கள், காலை முன்னால் கொண்டுவந்து பக்கவாட்டில் வீசும். நின்றால் இடுப்போடு ஒட்டி நில்லுங்கள், இல்லையென்றால் நன்றாகத் தள்ளி நில்லுங்கள், நடுவில் நிற்பவனுக்குத்தான் முழங்கால் போகும். வாலை அடியில் பிடித்து மேலே நிமிர்த்தினால் உதைப்பது குறையும். நுனியில் பிடித்து முறுக்கினால் எலும்பு உடையும். எந்தக் கயிறு கட்டினாலும் ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சாகக் கட்டுங்கள். மாடு விழுந்து கழுத்து இறுகும்போது முடிச்சை அவிழ்க்க நேரம் இருக்காது.

கலப்பின ஜெர்சிகள் பழகியவை. வேதாரண்யம், தலைஞாயிறு, திருத்துறைப்பூண்டிப் பக்கம் கிடையில் வளர்ந்த உம்பளச்சேரி மாடு வேற மாதிரி, மனுஷக் கை அதிகம் படாதது, அவசரப்பட்டால் கட்டுத்தறியையே பிடுங்கிக்கொண்டு போகும். நம் மண்ணின் மாடு, அதைப் பற்றித் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உம்பளச்சேரிக் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறேழு மாதத்தில்தான் சாம்பல் நிறத்துக்கு மாறும். இது தெரியாத ஒரு இளவட்டம் "ஊசியை மாத்திப் போட்டுட்டீங்க" என்று எங்கள் டாக்டரிடம் சண்டைக்கே வந்துவிட்டான். அவனுடைய தாத்தா வந்து திட்டிக் கூட்டிக்கொண்டு போனார். கொருக்கை அரசுப் பண்ணையில் இந்த இனத்தைக் கூட்டமாகப் பார்க்கலாம், ஒரு தடவை போய்விட்டு வாருங்கள்.

பார்ப்பது என்பது எண்ணுவதும்தான். மாட்டுக்குச் சாதாரணச் சூடு 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் ஒட்டி இருக்கும், ஆட்டுக்குக் கொஞ்சம் கூட. தெர்மாமீட்டரில் ஒரு நூல் கட்டி, நூலின் மறுமுனையை வால் மயிரில் கிளிப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சாணியோடு கீழே விழுந்து உடையும், அல்லது உள்ளே போய்விடும். ஆசனவாயின் சுவரைத் தொட்டபடி இருக்க வேண்டும், சாணிக்குள் குத்தி நின்றால் காட்டுவது தப்புக் கணக்கு. நாடித்துடிப்பை வாலின் அடிப்பக்கத்தில் விரல் வைத்து எண்ணலாம். இடது விலாவுக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தில் கை முஷ்டியை அழுத்தி வைத்து இரண்டு நிமிஷம் பொறுமையாக நின்றால், இரைப்பை இரண்டு மூன்று தடவை உருண்டு கையைத் தள்ளும். அந்தத் தள்ளலை ஆரோக்கியமான மாடுகளில் ஐம்பது தடவையாவது உணர்ந்து பழகுங்கள், அப்போதுதான் ஒருநாள் அது இல்லை என்பது கைக்குத் தெரியும்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எங்களுக்கு ஓய்வே இருக்காது. அன்புக்கு ஆசைப்பட்டு ஆளாளுக்குப் பொங்கலை ஊட்டிவிடுவார்கள், பச்சரிசிச் சோறு இரைப்பையில் புளித்து அமிலமாகி மாடு சாய்ந்துவிடும். ஒரு வருஷம் வடுவூர்ப் பக்கம் போனோம். மாடு படுத்துக் கிடக்கிறது, பல்லை நறநறவென்று கடிக்கிறது, கண் உள்ளே போயிருக்கிறது, வயிற்றைத் தட்டினால் தண்ணீர்க் குடம் மாதிரி சளக் சளக் என்கிறது. "ஒரு தாம்பாளம்தான் வெச்சேன் சார், சாமி சத்தியமா" என்கிறார் வீட்டுக்காரம்மா. டாக்டர் மருந்தை எடுப்பதற்குள் நான் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன்த்தா, உங்க வீட்டுத் தாம்பாளம் சரி, பெரியம்மா வீட்ல குடுத்தாங்களா? எதுத்த வீட்ல?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். நாலு வீட்டுத் தாம்பாளம், அதற்கு மேல் ராத்திரி மிச்சச் சோறு ஒரு வாளி. அதை டாக்டரிடம் சொன்னதும் வைத்தியத்தின் அளவே மாறியது. அப்புறம் கொட்டகை விட்டத்தில் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு, கழுத்து நரம்பில் ஏற்றிய ஊசி நகராமல் மூன்று மணிநேரம் மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் எழுந்து நின்று சிறுநீர் விட்டது. ஊசி போட்டது டாக்டர். நாலு வீட்டுக் கணக்கை எடுத்ததும் தலையைப் பிடித்ததும் நான். இந்த வேலையின் மொத்தமும் அதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அதே மாதிரி ஒரு மாட்டை இழந்ததையும் சொல்ல வேண்டும். வயிறு உப்பிய மாட்டுக்கு நாங்கள் போவதற்குள் வீட்டில் தலையை அண்ணாந்து தூக்கி, நாக்கை இழுத்துப் பிடித்து, மூங்கில் குழாயில் எண்ணெயை ஊற்றிவிட்டார்கள். அது நுரையீரலுக்குப் போய் மூன்றாம் நாள் மாடு மூச்சுத் திணறிச் செத்தது. வயிறு உப்பல் அதற்குள் சரியாகியிருந்தது. வாயில் மருந்து கொடுக்கும்போது தலையை முதுகு மட்டத்துக்குச் சற்றே மேல், அதற்கு மேல் தூக்கக் கூடாது. நாக்கை விட்டுவிட வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும், இருமினால் அந்த நொடியே தலையை விட்டுவிட வேண்டும். எழ முடியாமல் படுத்துத் தலையைச் சாய்த்துவிட்ட மாட்டுக்கு வாய் வழியாக எதையும் ஊற்றக் கூடாது. போகிற ஊரிலெல்லாம் இதைச் சொல்லுங்கள்.

டெல்டாவுக்கென்று சில நோய்கள் இருக்கின்றன. வயல் நத்தை வழியாகப் பரவும் தட்டைப்புழு இங்கே சாதாரணம். அறுவடைக்குப் பின் ஈர வயலில் மேய்ந்த மாடு இளைத்து, தாடைக்குக் கீழே தொளதொளவென்று நீர் கட்டினால் சாணியைச் சேகரித்து ஆய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் சேற்றிலேயே நிற்கிற மாட்டுக்குக் குளம்பு அழுகும். ராமநாதபுரம் பக்கமிருந்து கிடை போட வரும் ஆட்டு மந்தைகளில் துள்ளுமாரியும் ஆட்டுக்கொல்லியும் வந்துவிட்டால் ஒரே வாரத்தில் மந்தையை ஓட்டிவரும் கீதாரியின் பிழைப்பே போய்விடும், அவர்கள் எந்த ஊர் வயலில் பட்டி போட்டிருக்கிறார்கள் என்று விசாரித்து டாக்டரிடம் சொல்வது நம் வேலை.

தடுப்பூசி முகாம் நடக்கும்போது வலியக் கேட்டுப் போங்கள், ஒரே நாளில் நூறு மாடு பிடித்துப் பழகலாம். கோமாரித் தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவனோடு சேராதீர்கள். காது வளையத்தில் உள்ள 12 இலக்க எண்ணைப் பாரத் பசுதன் செயலியில் தப்பில்லாமல் ஏற்றுவதும் இந்தக் காலத்தில் உதவியாளரின் திறமைதான்.

கவனம், இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். எச்சில் ஒழுகி, தண்ணீர் குடிக்க முடியாமல், தொண்டையில் ஏதோ சிக்கியது போல நிற்கிற மாட்டின் வாயில் வெறுங்கையை விடாதீர்கள். மாங்கொட்டை சிக்கியிருக்கலாம், ரேபிஸாகவும் இருக்கலாம். மாசம் முற்றிய நிலையில் கன்று வீசிய, அதாவது கரு கலைந்த மாட்டின் நஞ்சுக்கொடியைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், கன்று வீச்சு நோய் (புரூசெல்லோசிஸ்) மனிதருக்கும் வரும், மாதக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சல் அடிக்கும். அந்த நோய்க்குக் கிடேரிக் கன்றுகளுக்குப் போடும் தடுப்பூசி உயிருள்ள கிருமி கொண்டது, ஊசி நம் கையில் குத்தினால் உடனே டாக்டரிடம் சொல்லி மனித ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுப்பு ரத்தம் வடிகிற மாட்டை அறுக்கவோ தோலுரிக்கவோ விடாதீர்கள், மனிதருக்கும் தொற்றும் அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். தோட்டி ஆட்கள் ஏற்கெனவே வந்து நின்றாலும் டாக்டர் வரும்வரை தடுத்து நிறுத்துங்கள்.

நாய், பூனைதான் பிடிக்கும் என்றால் திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணத்தில் தனியார் கிளினிக்குகளில் ஆள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே வேலை வேறு: வாய்க்கட்டு போடுவது, ரத்தம் எடுக்கும்போது முன்னங்காலை நீட்டிப் பிடிப்பது, அறுவை முடிந்த நாய் மயக்கம் தெளியும்வரை பக்கத்தில் இருந்து மூச்சை எண்ணுவது, கூண்டு கழுவுவது. பார்வோ என்ற வைரஸ் நோய் வந்த நாய்க்குட்டியின் கூண்டை டெட்டால் போட்டுத் துடைத்தால் கிருமி சாகாது, பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும். பினாயில் வகை எதுவும் பூனைக்கு விஷம், அதனால் பூனை வைக்கும் இடத்தில் அதைக் கொண்டுபோகாதீர்கள். சம்பளம் ஆரம்பத்தில் குறைவுதான், சேரும் முன்பே எவ்வளவு, எத்தனை மணிநேரம், ராத்திரி அழைப்பு உண்டா என்று பேசி முடித்துவிடுங்கள், கூச்சப்பட வேண்டியதில்லை.

சரி, எங்கே தொடங்குவது? வரும் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு உங்கள் பக்கத்து அரசுக் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் டாக்டரிடம், "சார், கத்துக்கணும், ஒரு மாசம் வந்து ஓரமா நின்னு பார்க்கட்டுமா, சொல்ற வேலையைச் செய்றேன்" என்று கேளுங்கள். ஒருவர் மறுத்தால் அடுத்த ஊர் டாக்டர். பழைய சட்டை, கம்பூட்ஸ், ஒரு பாக்கெட் நோட்டு கொண்டு போங்கள். நோட்டில் தேதி, ஊர், என்ன மாடு, எத்தனாவது ஈத்து (கன்று ஈன்றது எத்தனையாவது தடவை), சூடு எவ்வளவு, டாக்டர் என்ன நோய் என்றார், மூன்று நாள் கழித்து எப்படி இருந்தது என்று எழுதுங்கள். கடைசிக் கட்டத்தை நிரப்ப அந்த வீட்டுக்கு நீங்களே போன் பண்ண வேண்டியிருக்கும், பண்ணுங்கள். போவதற்கு முன்னால் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ரேபிஸ் முன்தடுப்பு ஊசியையும் தள்ளிப் போடாதீர்கள், முதல் நாள், ஏழாம் நாள், அப்புறம் இருபத்தொன்றாம் நாள் அல்லது இருபத்தெட்டாம் நாள் என்று மூன்று தவணை. முதல் தவணையை இந்த வாரமே போட்டுவிடுங்கள்.